முனியாண்டி, வயது 113, கால்நடை விவசாயி

காலை எட்டு மணி பத்து நிமிடம், பன்னிரண்டு மாடுகள், நவமணி.

2025 பிப்ரவரி 15ஆம் தேதி சனிக்கிழமை, கிரெய்க்மோர் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் நடந்த கால்நடைப் பதிவு முகாமின் குறிப்பேட்டில் முதல் வரி இதுதான். அதிகாரிகள் எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லிப் பத்தரைக்கு வந்தார்கள். எட்டு பத்து என்பது நவமணி சொல்லி எழுதியது, மாடுகள் வந்த நேரம். மாடுகளுக்கு அலுவலகக் கூட்டம் எதுவும் இருக்கவில்லை.

திட்டத்தின் மலாய்ப் பெயர் லெம்பு பிந்தார். தமிழில் சொன்னால் கெட்டிக்கார மாடு. மாடு வளர்ப்பவர்களுக்கு மாடு ஒன்றுக்கு மாதம் தொண்ணூறு வெள்ளி தீனி உதவி. விண்ணப்பப் பாரம் கிடையாது, பேனா கிடையாது, வரிசை கிடையாது, எல்லாம் கைப்பேசியில் என்று பதாகையில் போட்டிருந்தது. கைப்பேசி வேலை செய்யாமல் போனால் என்ன செய்வது என்பதற்காக இரண்டு பெட்டி நிறையப் பாரமும் வேனில் வந்திருந்தது. மாட்டு வேடம் போட்ட ஒருவரும் வந்திருந்தார். விவசாயிகளை உற்சாகப்படுத்த அவருக்கு நியமன உத்தரவு இருந்தது. நவமணியின் மாடுகளில் மூத்தவளான கறுப்பாயி அவரை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நவமணிக்கு உற்சாகம் தேவைப்படவில்லை. தீனிதான் தேவைப்பட்டது. கோல சிலாங்கூருக்கும் ஜெராமுக்கும் நடுவே அந்தத் தோட்டத்தில் அவள் முப்பது வருஷமாக மாடு வைத்திருக்கிறாள். செம்பனை மரங்களுக்கு நடுவே மாடு மேயும், மாடு மேய்ந்தால் புல் குறையும், புல் குறைந்தால் மருந்தடிக்கும் செலவு குறையும் என்று பழைய மானேஜர்மார் கண்டும் காணாமல் இருந்தார்கள். புது மானேஜர் வந்தார். மறுநடவு என்று சொல்லி, போன தீபாவளியோடு செம்பனைக் காட்டைச் சுற்றி மின்கம்பி இழுத்தார். அதிலிருந்து தீனியை விலைக்கு வாங்கித்தான் போட வேண்டும். நவமணியின் ஒரு ஜோடி வளையல் புண்ணாக்காகி, புண்ணாக்கு சாணியாகி, சாணி கொட்டகைக்குப் பின்னால் குவிந்து கிடந்தது. அடுத்துப் போவதற்குக் கையில் வேறு வளையல் இல்லை. கறுப்பாயிதான் இருந்தாள்.

சுங்கை ஆயர் தாவாரிலிருந்து ஒரு மாட்டுத் தரகர் ஞாயிறுதோறும் வந்துகொண்டிருந்தார். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்க நெருங்க விலையும் ஏறிக்கொண்டிருந்தது. பெண் பார்க்க வந்தவர் மாதிரி கறுப்பாயியை முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போவார். வீட்டுக்கு வரும் பாலில் பாதி கறுப்பாயியின் பால். அவளை விற்றால் மற்ற மாடுகளைக் காப்பாற்றலாம்; ஆனால் கறுப்பாயி இல்லாமல் மற்ற மாடுகளைக் காப்பாற்ற முடியாது. நவமணி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத நாள் இல்லை. தொண்ணூறு வெள்ளி வந்தால் கணக்கே வேண்டாம்.

முகாமில் முதல் வேலை மாட்டைப் படம் எடுப்பது. முகம் நேராக இருக்க வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பயணக் கடப்பிதழ்ப் படத்துக்கு என்ன விதியோ அதே விதி. அசை போடும் பிராணியை வாய் மூடச் சொல்லி நான்கு அதிகாரிகள் ஒரு மணி நேரம் கெஞ்சினார்கள். பிறகு காதில் பிளாஸ்டிக் வில்லை. அதில் ஒரு கட்டம். கைப்பேசியைக் காட்டினால் மாட்டின் பெயரும் எஜமானரின் பெயரும் வயதும் திரையில் வரும்.

வரிசையில் முதலில் நின்றது காளை. அது எப்போதும் முன்னால்தான் நிற்கும். கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருந்த திலகா என்ற குமாஸ்தாப் பெண் ரவாங்கிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவள்.

"பன்னிரண்டும் உங்களோடதுதானே அக்கா?"

"பதினொன்னு என்னோடது. இந்தக் காளை முனியாண்டியோடது."

"அவரு வரலையா?"

"அவரு எங்கயும் போறதில்ல. ஏழாம் நம்பர் காட்டுல, மரத்தடியில இருப்பாரு."

நவமணியின் மகள் ரூபினி நான்கு வருஷத்துக்கு முன் டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்துவிட்ட கன்று அது. மகள் பிழைத்து இப்போது ரவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறாள். கன்று காளையாகி, நவமணியின் கொட்டகையில் படுத்து, நவமணியின் தீனியைத் தின்று, சாமிக்குச் சொந்தமாக இருக்கிறது. நேர்ந்துவிட்டதை என்னுடையது என்று வாயால் சொல்லக் கூடாது. தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அரசாங்கக் கைப்பேசிக்குத் தெரியாது.

திலகாவின் விரல் நின்றது. அவளும் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனால் எஜமானர் இல்லாத மாடு தெருமாடு; தெருமாட்டை நகராண்மை லோரி வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவள் எழுந்து போய் மேலதிகாரி புனிதனிடம் கேட்டாள். புனிதன் நேர்மையானவர், உழைப்பாளி, காலியிடம் என்றால் அவருக்கு ஆகாது.

"எதையும் காலியா விடாதம்மா. உள்ளதை உள்ளபடி எழுது," என்றார்.

உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். பெயர், முனியாண்டி. ஆண். மணமாகாதவர். அடையாள எண்ணுக்குக் கோயிலின் பதிவு எண்ணை முன்னால் சில சைபர் சேர்த்துப் போட்டார்கள். பிறந்த தேதிக்குக் கோயில் செயலாளர் ரவீந்திரனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கல் நட்டது 1912 என்றார் ரவீந்திரன். தொடர்புக்குத் தம் கைப்பேசி எண்ணையும், வங்கிக் கணக்குக்குக் கோயில் கணக்கையும் கேட்காமலே கொடுத்தார். தொழில்? காவல் என்றாள் நவமணி. சம்பளம்? வருஷத்துக்கு ஒரு கோழி, வாரத்துக்கு ஒரு சுருட்டு. அதற்குக் கட்டம் இல்லாததால் வருமானம் இல்லை என்று பதிவானது.

பொத்தானை அழுத்தியதும் கைப்பேசி மணி அடித்தது. நூற்றுப் பதின்மூன்று வயது, தனியாள், வருமானமில்லை, வீடில்லை, வாகனமில்லை. தகுதி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. மாவட்டத்திலேயே அதுதான் அதிகம். மாட்டு வேடக்காரர் கைதட்டினார்.

பின்னால் நின்ற அமலதாஸ், எட்டு மாட்டுக்காரர், இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்ததும் எட்டும் என்னுடையதுதான், சாமிக்கெல்லாம் பங்கு இல்லை என்று கம்பீரமாகச் சொன்னார். வீட்டு முன்னால் ஒரு லோரி நிற்பது உண்மையா என்று கேட்டார்கள். நிற்பது உண்மை, ஓடுவது உண்மையில்லை என்றார் அவர். ஓடுகிறதா என்ற கேள்வி கைப்பேசியில் இல்லை. வசதியானவர் என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

ஏப்ரல் முதல் வாரம் இரண்டு கடிதம் வந்தது. முதலாவது முனியாண்டிக்கு, மேற்பார்வை ரவீந்திரன். 'தாங்கள் இந்நாட்டின் உணவு உத்தரவாதத்துக்கு ஆற்றிவரும் அயராத பங்களிப்பைக் கருத்தில் கொண்டு' என்று தொடங்கி, ஒரு காளைக்கு மாதம் தொண்ணூறு வெள்ளி என்று முடிந்திருந்தது.

இரண்டாவது நவமணிக்கு. அதை ரூபினி தொலைபேசியில் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். நவமணி மூன்று முறையும் ஒரே மாதிரிதான் படித்தாள். ஒரு வளாகத்துக்கு ஒரு விவசாயிதான் உண்டு. முதலில் பதிந்தவர் வளாகத்தின் உரிமையாளர். செயற்கைக்கோள் கணக்குப்படி கொட்டகையும் மரத்தடியும் ஒரே வளாகம். ஆகவே விவசாயி முனியாண்டியின் வளாகத்தில் நவமணி என்பவர் பதினொரு மாடுகளை அனுமதியின்றிக் கட்டிவைத்திருப்பது கண்டறியப்பட்டுள்ளது. முப்பது நாளுக்குள் அவற்றை அப்புறப்படுத்த வேண்டும், அல்லது உரிமையாளரின் எழுத்துபூர்வ சம்மதத்தைப் பெற வேண்டும். உதவித்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

கொட்டகைக்குக் கம்பு வெட்டியது, தகரம் தூக்கியது, ஆணி அடித்தது எல்லாம் நவமணி. அவள் ரவீந்திரனைக் கூட்டிக்கொண்டு கோல சிலாங்கூருக்குப் போனாள். ரவீந்திரன் சந்தோஷமாகவே வந்தார். கோயில் வாசலில் எழுத்து ஓடுகிற மின்பலகை வைக்க வேண்டும் என்பது அவருடைய இரண்டு வருஷத்துக் கனவு. சுற்றுவட்டாரத்தில் ஏழு கோயில் வைத்துவிட்டது. இப்போது முனியாண்டிக்கு வருமானம் வர ஆரம்பித்திருக்கிறது.

கவுண்டரில் திலகா இருந்தாள். கடிதத்தைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வாடிவிட்டது.

"அவரு பேரை அழிச்சிடு தங்கச்சி, எல்லாம் சரியாப் போயிடும்," என்றாள் நவமணி.

"அழிக்கறதுக்கு மூணு காரணம்தான் கா இருக்கு. ஒன்னு இறந்துபோகணும். இல்லாட்டி நாட்டை விட்டுப் போகணும். இல்லாட்டி புத்தி பேதலிச்சிருக்கணும், டாக்டர் சர்ட்டிபிகேட்டோட."

நவமணி மூன்றையும் வரிசையாக யோசித்தாள். முனியாண்டியைப் பற்றி ஒன்றையும் சொல்ல முடியாது. மூன்றாவதை நினைக்கவே கூடாது.

உள்ளேயிருந்து புனிதன் வந்தார். பொறுமையாக விளக்கினார். சாமி என்று ஒரு பிரிவு கிடையாது. தனிநபர், கூட்டுறவு, கம்பெனி, சங்கம், இவ்வளவுதான். கோயிலைச் சங்கம் என்று மாற்றிப் போடலாமே என்றார் ரவீந்திரன். போடலாம், ஆனால் சங்கம் என்றால் ஆண்டு வரவு செலவைக் காட்ட வேண்டும் என்றார் புனிதன். ரவீந்திரன் அந்த யோசனையை அதற்குமேல் வளர்க்கவில்லை.

"சம்மதம் எழுத்துலதான் இருக்கணுமா சார்? அவருக்கு எழுத்து வராது," என்றாள் நவமணி.

"எழுதத் தெரியாதவங்க வாயால சொன்னா போதும் கா. அதிகாரி முன்னால வாய்மொழி வாக்குமூலம். சட்டத்துல இடம் இருக்கு." பேச்சை முடித்துவைக்கத்தான் புனிதன் அப்படிச் சொன்னார்.

"அப்ப சரி. வெள்ளிக்கிழமை பேசுவாரு."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டார் புனிதன். இருபது வருஷத்து உத்தியோகம். வாய் தானாகக் கேட்டுவிட்டது. கேட்ட பிறகு பின்வாங்க வழியில்லை.

மாலை ஏழு மணி என்றாள். ஏழு மணி என்றால் மிகைநேரப் படிக்கு மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவர் பேறுகால விடுப்பில் இருக்கிறார். அலுவலக நேரத்தில் பேச முடியுமா என்று கேட்டறிந்து சொல்லும்படி புனிதன் கேட்டுக்கொண்டார். முதியோருக்கு வீடு தேடி வரும் சேவை என்று ஒன்று இருந்தது. இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. அதன் கீழ் முதல் கோப்பு திறக்கப்பட்டது.

பூசாரி வீரன் பயந்த சுபாவம். தோட்டத்து லோரியில் செம்பனைக் குலை ஏற்றுகிறவர். வேலை வாங்கும் மண்டோர் கூப்பிட்டால் இரண்டு முறை வந்தேன் என்பார். சாமியை நேரம் மாற்றி வரச் சொல்வது மரியாதையா என்று அவர் தயங்கினார். உடுக்கை அடித்துப் பார்ப்போம், வந்தால் வரட்டும், அதிகாரி பாவம் என்று நவமணிதான் சொன்னாள்.

ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. புனிதன் மரத்தடிக்கு வந்து காலணியைக் கழற்றினார். கல்லுக்கு முன் கற்பூரம் காட்டி, நின்றுபோன பதவி உயர்வைப் பற்றி மனதுக்குள் இரண்டு வார்த்தை சொல்லிக்கொண்டார். பிறகு திருநீற்றைத் துடைக்காமலே கோப்பைத் திறந்தார். பக்தனாக வந்த வேலை முடிந்து அதிகாரியாக வந்த வேலை ஆரம்பமானது. திலகா குறிப்பெடுக்க உட்கார்ந்தாள். தோட்டமே வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றது. அமலதாஸ் சற்றுத் தள்ளி, வேடிக்கை பார்க்க மட்டும் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு நின்றார்.

உடுக்கை அடித்தது. மூன்று பத்துக்கு வீரனுக்கு உடம்பு ஆடியது. மூன்று பன்னிரண்டுக்குக் கண் சிவந்தது. மண்டோருக்குப் பயந்த வீரன் காணாமல் போய், நெஞ்சு விரிந்த ஒருவர் நின்றார்.

"யார்றா நீ?"

"புனிதன், சாமி. ஐந்தாம் நிலை உதவி அதிகாரி."

"என்னடா வேணும்?"

புனிதன் கோப்பைப் பார்த்துப் படித்தார். மேற்படி வளாகத்தில் நவமணி என்பவர் பதினொரு மாடுகளை வைத்துக்கொள்ளத் தங்களுக்குச் சம்மதமா, அல்லது தங்கள் பதிவைத் தாங்களே மீட்டுக்கொள்ள விரும்புகிறீர்களா, இரண்டில் ஒன்றைத் தெரிவிக்கலாம்.

"எனக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்க வந்தியா?"

"இல்ல சாமி. கொட்டகை விஷயமா..."

"கொட்டகை எனக்கு. மாடு எனக்கு. பன்னிரண்டும் எனக்கு. இந்தக் காடே எனக்குடா."

திலகா பன்னிரண்டு என்று எழுதினாள். காட்டை எழுதவில்லை. நிலம் வேறு இலாகாவில் வருகிறது.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. முப்பது நாளில் வெளியேற வேண்டியிருந்த பதினொரு மாடு, மூன்று நிமிடத்தில் கை மாறிவிட்டது. சாமி வாயால் சொன்னதை மறுக்கவும் முடியாது. மகளைக் காப்பாற்றிக் கொடுத்தவர் கேட்டால் இல்லையென்று எப்படிச் சொல்வது? ஆனால் முப்பது வருஷம் மாடு வளர்த்தவளுக்குச் சாமியை விட மாட்டை நன்றாகத் தெரியும். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சரி சாமி. பன்னிரண்டும் உனக்கு. நாளைக் காலையில அஞ்சு மணிக்கு நீயே வந்து சாணி அள்ளு. தண்ணி காட்டு. கறுப்பாயிக்குக் காம்பு வலி, மெதுவாக் கறக்கணும். ஒதைப்பா, பாத்துக்க."

உடுக்கை நின்றது. யாரோ ஒரு சுருட்டைப் பற்றவைத்து நீட்டினார்கள். சாமி அதை மூன்று முறை இழுத்தார். நவமணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயே அள்ளு," என்றார். "பாலை நீயே வச்சிக்க. தீனி நான் போடுறேன்."

"எழுதிக்கம்மா," என்றாள் நவமணி திலகாவைப் பார்த்து.

வீரன் மயங்கி விழுந்து, தண்ணீர் தெளித்ததும் எழுந்து, சார் நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா என்று புனிதனைக் கேட்டார்.

புனிதனின் அறிக்கை ஒன்றரைப் பக்கம். 'விண்ணப்பதாரர் இல்லத்தில் இருந்தார். தொடக்கத்தில் ஒத்துழைக்கவில்லை. சுருட்டு வழங்கப்பட்ட பின் ஒத்துழைப்பு நல்கினார். வயதுக்கு மீறிய தெளிவுடன் காணப்பட்டார். பன்னிரண்டு மாடுகளும் தமக்குரியவை என்றும், பராமரிப்பும் பாலும் நவமணிக்கு என்றும், தீனிச் செலவு தம்முடையது என்றும் சாட்சிகள் நூற்று நாற்பது பேர் முன்னிலையில் தெரிவித்தார்.' மேலிடத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன.

மே மாதம் பன்னிரண்டு மாட்டுக்கும் பணம் கோயில் கணக்கில் விழுந்தது. ரவீந்திரன் அன்றே மின்பலகைக்காரரிடம் அளவெடுக்கச் சொன்னார். மறுநாள் நவமணி திலகாவிடம் முத்திரை போட்டு வாங்கி வைத்திருந்த அறிக்கை நகலோடு அவர் வீட்டு வாசலில் நின்றாள்.

"தீனி நான் போடுறேன்னு சொன்னது யாரு?"

"சாமி."

"சாமி சொன்னதை மாத்தறதுக்கு நீங்க யாரு தம்பி?"

ரவீந்திரன் மின்பலகைக்காரருக்குத் தொலைபேசியில் வேறு காரணம் சொன்னார். புண்ணாக்கு மூட்டைகள் கொட்டகைக்கு வந்து இறங்கின.

ஜூன் முதல் தேதி ஞாயிற்றுக்கிழமை, பெருநாளுக்கு ஆறு நாள் இருக்க, தரகர் லோரியோடும் ரொக்கத்தோடும் வந்தார். அவர் சொன்ன தொகையை நவமணி இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். எஜமானர் கையெழுத்து இல்லாமல் கெட்டிக்கார மாட்டை விற்க முடியாது, கேட்டுப் பாருங்கள் என்றாள். அவர் கறுப்பாயியின் காதில் கைப்பேசியைக் காட்டினார். திரையைப் படித்தார். நூற்றுப் பதின்மூன்று வயசா, எங்கே இருக்கார் என்று கேட்டார். நவமணி மரத்தடியைக் காட்டினாள். மஞ்சள் துணியும் நட்டுவைத்த அரிவாளும் தூரத்திலிருந்தே தெரிந்தன. அவர் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லோரியைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போனார். திருப்ப இடம் இருந்தது. அவர் திருப்பவில்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அரசாங்கத்தில் ஒரு கோப்பு நல்லபடியாக முடிந்தால் இன்னொன்று திறக்கும்.

அக்டோபரில், மாடில்லாத ஏழைகளுக்கு வீட்டுக்கு ஒரு மாடு என்று ஒரு திட்டம் வந்தது. தகுதியானவர்களைக் கைப்பேசியே தேடிக் கண்டுபிடிக்கும், சிபாரிசு தேவையில்லை. அது தேடியது. பிப்ரவரியில் பதினொரு மாடு, ஏப்ரலில் ஒன்றுமில்லை என்று ஒரு பெண்ணின் கணக்கு அதன் கண்ணில் பட்டது. இரண்டே மாதத்தில் இவ்வளவு பெரிய வீழ்ச்சி மாவட்டத்தில் வேறு யாருக்கும் நேரவில்லை. திலகா தொலைபேசியில் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னாள்.

"எனக்கு எதுக்கு தங்கச்சி மாடு? பதினொன்னும் கொட்டகையிலதான் நிக்குது."

"உங்க பேருல நிக்குதா கா?"

"இல்ல."

"அப்ப நிக்கல கா. வாங்கிக்குங்க லா. வேணாம்னு சொல்றதுக்குப் பாரம் இல்ல."

கொடுக்கிற மாட்டை உள்ளூரிலேயே, நல்ல விவசாயியிடமிருந்து, நல்ல கறவையாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது விதி. மாவட்டத்தில் தகுதி தொண்ணூற்றெட்டு வாங்கிய விவசாயி ஒருவர்தான். அவரிடம் நல்ல கறவை ஒன்றுதான். புனிதன் மறுபடி மரத்தடிக்குப் போய், காலணியைக் கழற்றி, பதவி உயர்வை நினைவூட்டி, விற்பனைக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். அன்று திங்கட்கிழமை. பதில் வரவில்லை. ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டார்.

நவம்பர் 20, வியாழக்கிழமை, அதே மண்டபத்தில், மாட்டு வேடக்காரர் முன்னிலையில், கழுத்தில் சிவப்பு நாடா கட்டிய கறுப்பாயியின் கயிறு நவமணியின் கையில் கொடுக்கப்பட்டது. ஏழைப் பெண் ஒருத்தியின் வாழ்வில் ஒளியேற்றிய நாள் என்று பேசினார்கள். படம் எடுக்கும்போது இருவரும் நேராகப் பார்க்கும்படி சொன்னார்கள். கறுப்பாயி அசை போட்டாள். நவமணி வாயை மூடிக்கொண்டு நின்றாள். சிரிப்பு வந்துவிடும் என்ற பயம். மாட்டின் விலை ஏழாயிரத்து இருநூறு வெள்ளி அன்று மாலையே கோயில் கணக்கில் விழுந்தது. அந்தப் பணத்தைப் பற்றி அறிக்கையில் ஒன்றும் இல்லாததால் மறுநாளே மின்பலகை வந்தது. புதிய எஜமானியோடு மாடு உடனே ஒட்டிக்கொண்டதும், வழி காட்டாமலே வீடு போய்ச் சேர்ந்ததும் திட்டத்தின் கையேட்டில் வெற்றிக் கதையாக வந்திருக்கிறது. கறுப்பாயி இப்போது முனியாண்டியின் வளாகத்தில் அனுமதியின்றிக் கட்டப்பட்டிருக்கும் மாடு. யாரும் அதைக் கேட்கவில்லை. முனியாண்டியும் கேட்கவில்லை.

இவ்வளவையும் கைதட்டிப் பார்த்துக்கொண்டிருந்த தோட்டத்து ஜனம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பக்தியில் மூழ்கியது. மாடு வைத்திருந்த மற்ற பதினான்கு வீட்டாரும் மாட்டைச் சாமிக்கு நேர்ந்து எழுதிவைத்தார்கள். அதே கோயிலில் இருக்கும் மாரியம்மனுக்கு முப்பத்திரண்டு மாடு சேர்ந்தது. அமலதாஸ் தம்முடைய எட்டையும் புனித அந்தோணியாருக்குக் கொடுத்தார். லோரியையும் சேர்த்து எழுதிவைத்தார். கோயில் வாசலில் மின்பலகையில் நேர்ந்துகொண்டவர்களின் பெயர்கள் சிவப்பு எழுத்தில் ஓடின.

நவம்பர் 24, திங்கட்கிழமை, கவுண்டர் திறப்பதற்கு முன்பே பதினைந்து பேர், மாடில்லாத ஏழைகள், வரிசையில் நின்றார்கள். பதினைந்தாவது ஆள் ரவீந்திரன்.

2025 டிசம்பர் 15ஆம் தேதி முடிவு வெளியானது. பதினான்கு பேருக்கும் ஆளுக்கு ஒரு மாடு வழங்க ஒப்புதல் கிடைத்தது. பிறந்ததிலிருந்து ஒரு மாடுகூட வைத்திராத ரவீந்திரனின் விண்ணப்பம், கால்நடை வளர்ப்பில் முன் அனுபவம் இல்லை என்ற காரணத்தால் நிராகரிக்கப்பட்டது.